நடையின் கணக்கு வேறு, தட்டின் கணக்கு வேறு

"நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், மூன்று மாதமாகியும் ஒரு கிலோகூடக் குறையவில்லை." எங்கள் உணவியல் பிரிவுக்கு வருவோர் பலர் நாற்காலியில் அமர்ந்ததும் கூறும் முதல் வாசகம் இதுவே. அவர்கள் கூறுவதில் பொய் இல்லை. மழைநாளிலும் குடை பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் அவர்கள். உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ அதற்குச் சான்று கூறுவதுண்டு. கூடவே, "நடந்து முடித்ததும் எங்கே போகிறார் என்பதையும் கேளுங்கள்" என்று சிரித்தபடி ஒரு வரியைச் சேர்ப்பதும் உண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டின் வேலை. அவ்வாறு குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதும், குறையும்போது தசை கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் உடற்பயிற்சியின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்துவதால்தான் நோயாளிகள் சலிப்புற்று இரண்டையும் கைவிட்டுவிடுகின்றனர். "நட, நட" என்று மட்டும் கூறி அனுப்பும் மருத்துவத் துறையினருக்கும் இதில் பங்குண்டு.

கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் செலவாகும் ஆற்றல் சுமார் 180 கலோரி. (பேச்சு வழக்கில் நாம் கலோரி என்று கூறுவது கிலோகலோரியைத்தான்.) அந்த 45 நிமிடமும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் உயிர் தரித்திருப்பதற்காக உடல் ஐம்பது கலோரிக்குமேல் செலவிட்டிருக்கும். அதைக் கழித்தால் நடையினால் கூடுதலாகக் கிடைத்தது 130 கலோரி அளவே. உடற்பயிற்சிக் கூடத்து ட்ரெட்மில்லும் கையில் கட்டிய கடிகாரமும் இந்தக் கழிவைப் பெரும்பாலும் செய்வதில்லை. அவை காட்டும் எண் எப்போதும் சற்று தாராளமாகவே இருக்கும்.

இனி நடை முடிந்தபின் நிகழ்வதைக் காண்போம். கடற்கரையிலோ பூங்காவிலோ நடந்து முடித்த நண்பர் கூட்டம் அருகிலுள்ள சிற்றுண்டிச் சாலையில் கூடுகிறது. ஒரு மெதுவடை, சர்க்கரை சேர்த்த ஒரு பில்டர் காபி. வடையின் பருமனையும் பாலின் அளவையும் பொறுத்து இவ்விரண்டும் 200 முதல் 250 கலோரி வரை தரும். "ஒரு பிளேட் பொங்கல்" என்று எவரேனும் உரக்கக் கூறிவிட்டால், நெய்யும் முந்திரியும் கலந்த அப்பொங்கலின் கணக்கை நாங்கள் இங்கு எழுதாமல் விடுவதே நலம். நடையில் ஈட்டியதைப் போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறது. அந்த நட்பும் பேச்சும் மிக நல்லவை; அவற்றை விடுமாறு நாங்கள் கூறமாட்டோம். சர்க்கரை இல்லாத காபியோடு பேச்சைத் தொடரலாம். நடந்தோமே என்பதற்கான பரிசாக வடையைக் கருதும் மனப்போக்கைத்தான் நாங்கள் குறை கூறுகிறோம். உழைத்ததற்குக் கூலி கேட்கும் அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் நடையின் கூலி வேறிடத்தில் வந்து சேர்கிறது; அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

வடையை விட்டு, நடையை மட்டும் கூட்டினால் எவ்வளவு குறையும்? ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொள்வது வழக்கம். நாளொன்றுக்கு 130 கலோரி என்றால் ஒரு கிலோவுக்கு இரண்டு மாதம். இதுவும் காகிதக் கணக்கே. எடை குறையக் குறைய அந்தச் சிறிய உடலைச் சுமந்து நடக்க ஆற்றலும் குறைவாகவே தேவைப்படுகிறது. பசியும் சற்றுக் கூடுகிறது. ஆகவே முதல் மாதம் குறைந்த அளவு ஆறாம் மாதம் குறையாது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2011-இல் வெளியிட்ட கணிப்பு இதைத் தெளிவாக்கியது: உணவில் நிலையானதொரு குறைப்பைச் செய்தால் அதனால் விளையும் எடைக் குறைவில் பாதி முதல் ஓராண்டில் வரும், ஏறக்குறைய முழுமையும் வந்து சேர மூன்றாண்டு ஆகும். அதாவது எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடுவது உடலின் இயல்பு. அது நோயாளியின் ஒழுக்கக் குறைவுக்குச் சான்று ஆகாது. குடும்பத்தார் இவ்வரியை இன்னொரு முறை படிக்குமாறு வேண்டுகிறோம்.

அவ்வாறாயின் நடந்து என்ன பயன் என்ற கேள்வி எழும். இதற்கு விடை கூறத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கற்பிக்கப்பட்டு, தொடர்ந்து ஊக்கமளிக்கப்பட்ட பிரிவில் அது நூற்றுக்கு 39 பேராகக் குறைந்தது. எங்கள் கவனத்தைக் கவர்ந்த செய்தி இதற்கு அடுத்துள்ளது. அந்தப் பிரிவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏதும் ஏற்படவில்லை! எடைக் கருவியின் முள் நகரவில்லை. ஆயினும் பலரிடம் நோய் தள்ளி நின்றது. எடையை மட்டும் பார்த்து, "பயனில்லை" என்று அவர்கள் நடையை நிறுத்தியிருந்தால் இழப்பு எவ்வளவு பெரிது!

இதன் காரணம் தசையில் இருக்கிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடை நின்ற பின்னரும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை இன்சுலினுக்குத் தசை நன்கு செவிசாய்க்கும். ஆகையால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடக்கூடாது என்கிறோம். மேலே கூறிய கூலி இதுதான். அது கிலோவில் வருவதில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் வருகிறது, மாடிப்படி ஏறும்போது மூச்சில் வருகிறது, இரவு உறக்கத்தில் வருகிறது.

பசிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைப் பற்றிய ஒரு பழைய ஆய்வும் நினைவுகூரத் தக்கது. ஜான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய இந்தியத் துணைவர்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் அளந்து 1956-இல் வெளியிட்டனர். இலேசான வேலையிலிருந்து மூட்டை சுமக்கும் கடும் வேலை வரை உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது. எடையோ ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் இலேசான வேலை செய்தோரைவிட அதிகம் உண்டனர்; எடையும் அதிகமாகக் கொண்டிருந்தனர். எது காரணம், எது விளைவு என்று இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூற இயலாது. எனினும் உடலை அசைக்காதவரின் பசி தன் அளவை மறந்துவிடுகிறது என்ற ஐயம் எங்களுக்கு வலுவாகவே உண்டு. தொலைக்காட்சியின் முன் மிக்சர் டப்பா காலியாவதைப் பார்த்தவர்களுக்கு ஆய்வுகூடத் தேவைப்படாது.

எடை குறைந்தபின் உள்ள காலம் இன்னும் கடினமானது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடத்தப்படுகிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டுக்கு மேலாகத் தக்கவைத்துக் கொண்டவர்கள் மட்டும் அதில் சேரலாம். அவர்கள் எடையைக் குறைத்த வழிகள் பலவாக இருந்தன. ஆனால் தக்கவைத்த வழியில் பெரும்பாலோர் ஒத்திருந்தனர்: நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பு. குறைக்கும் காலத்தில் துணைவனாக இருந்த நடை, காக்கும் காலத்தில் தலைவனாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்வோரும் வருகின்றனர். அவர்கள் நடப்பதில்லை, உண்பதை நிறுத்திவிடுகின்றனர். காலையில் ஒரு காபி, பகலில் ஒரு கரண்டிச் சோறு, இரவில் இரண்டு பழம். எடை வேகமாகவே குறையும். ஆனால் இப்படி உணவைச் சுருக்கி மட்டும் குறைக்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பல்லாத பகுதியே கரைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. தசை அதில் அடங்கும். அறுபதைக் கடந்தவருக்கு இது சிறிய இழப்பன்று. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, குளியலறையில் தடுமாற்றம், விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு என அது எங்கே போய் முடியும் என்பதை எலும்பியல் பிரிவினர் நன்கு அறிவர். போதாக்குறைக்கு, சில மாதம் கழித்து பழைய உணவு திரும்பும்போது ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே வந்தமர்கிறது. இழந்தது தசை, திரும்பியது கொழுப்பு என்றால் அந்தத் தவத்தின் பலன் என்ன?

ஆகவே குறைக்கும்போது எதைக் குறைப்பது என்பதில் நாங்கள் சற்றுப் பிடிவாதமாக இருக்கிறோம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர், தயிர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். நம் வீடுகளில் சோறு மலைபோலவும் பருப்பு அதன்மேல் பெய்த தூறல்போலவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. வயது வந்த ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. 30 கிராம் பருப்பில் ஏறத்தாழ 7 கிராம். கூட்டிப் பார்த்தால் பல தட்டுகளில் பற்றாக்குறைதான் தெரியும். (சிறுநீரக நோயுள்ளோருக்கு இவ்வளவு பொருந்தாது, அவர்கள் தம் மருத்துவர் குறித்த அளவையே கொள்ள வேண்டும்.) நடையோடு வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகிறது. அதற்கு இரும்புக் குண்டுகள் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

குறைக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவை. அவற்றுள் முதலாவது எண்ணெய். நோயாளியிடம் நாங்கள் கேட்பது, "ஒரு மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர்?" என்பதையே. நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் 4 லிட்டர் செலவாகிறது என வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு லிட்டர். அது நாளொன்றுக்கு 270 கலோரிக்கு மேல். 4 லிட்டரை 3 லிட்டராகக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 70 கலோரி அளவுக்கு மிச்சமாகும். முன்னர்க் கூறிய 70 கிலோ மனிதர் அதை நடந்து ஈட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். தாளிப்பில் ஒரு கரண்டி குறைவதை எவர் நாவும் அறிவதில்லை. மாதக் கணக்கில் அது பெரிதாகிறது. எண்ணெய்த் தூக்கைச் சாய்த்து ஊற்றுவதை விட்டு, தேக்கரண்டியால் அளந்து ஊற்றுவது ஒன்றே போதும். ஒரு தேக்கரண்டி 40 கலோரி. காபிக்கும் தேநீருக்கும் போடும் சர்க்கரை ஒரு கரண்டிக்கு 20 கலோரி. நாளைக்கு நான்கு குவளை, குவளைக்கு இரண்டு கரண்டி என்றால் 160 ஆகிவிட்டது. இதைக் குறைக்க வியர்வை சிந்த வேண்டியதில்லை. தேங்காய்ச் சட்டினியின் இரண்டாவது கரண்டி, சோற்றின் மூன்றாவது முறை, மாலைப் பலகாரம் ஆகியவற்றை அவரவர் வீட்டு வழக்கத்தை வைத்துப் பேசிக்கொள்வோம்.

அனைவருக்கும் "1,200 கலோரி உணவுப் பட்டியல்" என்று ஒரே தாளை நீட்டும் வழக்கத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கட்டடத் தொழிலாளிக்கும் கணக்கருக்கும் ஒரே தாள் எவ்வாறு பொருந்தும்? மேலும், அத்தாள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனித் தட்டில் அமர்த்துகிறது. நம் வீடுகளில் சமைப்பது ஒரே பாத்திரத்தில். அப்பாத்திரத்தில் எண்ணெயும் உப்பும் குறைந்தால் அனைவருக்கும் குறையும், அனைவருக்கும் நன்மையே. வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றையும் பாலையும் கூட்டித் தருவது எளிது.

இங்கே வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு சொல். நோயாளி கணவராகவோ மாமனாராகவோ இருந்தால் அவருக்கெனக் கோதுமைக் கஞ்சியும் வேகவைத்த காயும் நேரத்தில் தயாராகின்றன. நோயாளி அந்த வீட்டு அம்மாவாகவே இருந்தால்? அவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் எஞ்சியதை வீணாக்க மனமின்றி உண்கிறார். காலையில் மிஞ்சிய இரண்டு தோசை, பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதி இட்லி, இரவு மிஞ்சிய சோறு. நடக்க அவருக்கு நேரமும் இல்லை. "வீட்டு வேலையே பயிற்சிதானே" என்று பிறர் முடித்துவிடுகின்றனர். வீட்டு வேலை உழைப்புத்தான், ஐயமில்லை. எனினும் மூச்சு சற்று வாங்கும்படித் தொடர்ந்து நடக்கும் அரை மணி நேரத்துக்கு அது முழு ஈடாகாது. அந்த அரை மணி நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் முன்வருவதே மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய முதல் வரி என்பது எங்கள் கருத்து.

இனிக் கூறுவது எச்சரிக்கை. இதை விரைந்து தாண்டிச் செல்ல வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் மருத்துவரிடம் கூறாமல் உணவைக் குறைத்து நடையைக் கூட்டுவது ஆபத்தானது. பழைய உணவுக்கு அளந்த மருந்து புதிய உணவுக்கு மிகையாகிவிடும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, அடங்காப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழே இருந்தாலும், அளக்க வசதி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோசையோ நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். நடக்கச் செல்லும்போது சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ வலியோ தோன்றினால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று எண்ணாமல் உடனே வர வேண்டும்.

முயலாமலே எடை குறைவதை நற்செய்தியாக எண்ண வேண்டாம். கட்டுக்கடங்காத நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் ஆகியவையும் எடையைக் குறைக்கும். அதுபோலவே இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பன்று, உடலில் தேங்கிய நீர். அதற்கு உணவைக் குறைத்துப் பயனில்லை. மருத்துவரை அழைக்க வேண்டும்.

எடை பார்க்கும் முறையிலும் சிறிது அமைதி தேவை. நாள்தோறும் கருவியில் ஏறி இறங்குவது மனத்தை அலைக்கழிக்கும்; முந்தைய நாள் உண்ட ஊறுகாயின் உப்புக்கூட நீரைப் பிடித்து வைத்து முள்ளை நகர்த்திவிடும். (இதயச் செயலிழப்பு உள்ளோர் நாள்தோறும் பார்க்குமாறு பணிக்கப்பட்டிருந்தால் அதைத் தொடர வேண்டும்.) ஏனையோர் வாரம் ஒரு முறை, அதே நாளில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை. எடை நின்றிருக்கும் மாதங்களில் நாடா குறைந்து காட்டுவதை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம். விருந்தினர் முன்னிலையில் நோயாளியின் தட்டைப் பார்த்து, "இன்னொரு கரண்டியா?" என்று கேட்பதைக் குடும்பத்தார் விட்டுவிட வேண்டும். அன்பினால் கேட்பதுதான். ஆனால் அன்று மேசையில் உண்ணாமல் எழுந்தவர் இரவில் சமையலறையில் தனியே உண்கிறார் என்பதை எங்களிடம் மட்டும் வந்து கூறுகிறார்.

அடுத்த முறை உணவியல் பிரிவுக்கு வரும்போது மூன்று தகவல்களைக் குறித்து வாருங்கள்: சென்ற மாதம் வீட்டில் வாங்கிய எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு, நீங்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களும் வேளைகளும் எவை, நடந்து முடித்த அரை மணி நேரத்துக்குள் வாயில் போட்டுக்கொள்வது என்ன. சமைப்பவரும் உடன் வந்தால் பேச்சு விரைவில் முடியும்.